நாலாம் நம்பர் டப்பா

மார்ச் 4, செவ்வாய்

மூன்றாம் நோன்பு. அம்மா போய் முப்பத்தைந்து நாள்.

இந்த நோட்டில் பாதி காலியாகக் கிடக்கிறது. முன்பக்கமெல்லாம் என் கையெழுத்துதான். 'சீன் 14. அம்மா - சாம்பல் கலர் கைத்தறி, வலது கையில் ஒரு வளையல், கண்ணாடி உண்டு.' இப்படியே போகிறது. இன்றைக்கு எடுக்கிற சீனும் அடுத்த வாரம் எடுக்கிற சீனும் ஒட்ட வேண்டும். அதற்காக எழுதிய கன்டினியூட்டி நோட்டு. நான் ஐந்தாவதுதான் படித்தேன். இருபத்தாறு வருஷம் இந்த நடிகை அம்மாவிடம் வேலை - டச்சப், தலை வாருவது, டிபன் கேரியர் தூக்குவது. கடைசி ஆறு வருஷம் குளிப்பாட்டுவதும். எனக்கு எழுத வருவது தேதியும் யார் என்ன உடுத்தியிருந்தார்கள் என்பதும்தான். அதையே எழுதுகிறேன். சும்மா உட்கார்ந்தால் வீடு சத்தம் போடுகிற மாதிரி இருக்கிறது.

டெரிக் தம்பி வந்தார். அம்மாவின் தம்பி ஆம்ப்ரோஸ் ஐயாவின் மகன், அடையாறில் இருக்கிறார். நீலச் சட்டை, கையில் ஹெல்மெட். உட்காரவில்லை.

"மே கடைசி வரைக்கும் இருங்க, நஸ்ஸுக்கா. அப்புறம் வீட்டை இடிக்கிறோம்."

அவர் மேல் தப்பில்லை. சாந்தோமில் இந்தச் சந்து முழுக்கப் பழைய வீடுகளை இடித்துப் புதுசாகக் கட்டிவிட்டார்கள். இது ஒன்றுதான் மிச்சம்.

சாயங்காலம் ஆறு மணிக்கு அம்மா மாதா சுரூபத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றுவார். நான் ஏற்றக் கூடாதுதான். நோன்பு திறந்ததும் ஏற்றினேன். வேறு யார் ஏற்றுவார்கள்? அல்லா மன்னிப்பான்.

மார்ச் 5, புதன்

விபூதி புதன். தெருவில் எல்லோர் நெற்றியிலும் சாம்பல். அம்மா நெற்றி மட்டும் இல்லை.

மார்ச் 11, செவ்வாய்

இரண்டு நாளாக ஒரு வாசனை. எலி செத்திருக்கும் என்று கட்டிலுக்கடியில் பார்த்தேன். இல்லை. பீரோவின் அடித்தட்டைத் திறந்ததும் முகத்தில் அடித்தது - புளித்த பழமும் பேட்டரி தண்ணீரும் கலந்த மாதிரி.

ஆறு தகர டப்பா. படச்சுருள். மறந்தே போயிருந்தேன்.

அம்மா கதாநாயகியாக நடித்தது ஒரே ஒரு படம். நாற்பத்தொன்பதாம் வருஷம், அப்போது பதினாறு வயசு. பியாட்ரிஸ் என்கிற பேரை சாருமதி என்று மாற்றினார்கள். அந்தப் படத்தைப் பார்த்த வெள்ளைக்கார டைரக்டர் ஒருத்தர் ஹாலிவுட்டுக்கு வா என்று கூப்பிட்டாராம். அந்தக் கடுதாசியை அப்பாக்காரர் அடுப்பில் போட்டுவிட்டு, மகளை ஒரு வருஷம் அறையில் வைத்துப் பூட்டினார். வெளியே வந்தபோது படம் எந்தத் தியேட்டரிலும் இல்லை. தன் படத்தை அம்மா ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அப்புறம் அக்கா வேஷம், அம்மா வேஷம், கடைசியில் சீரியலில் மூக்குக்கண்ணாடி போட்ட கிழவி. யாரிடமோ கெஞ்சி, ஒரே பிரதியில் மிச்சமிருந்த இந்த ஆறு சுருளை வாங்கி வைத்துக்கொண்டார். போட்டுப் பார்க்க மிஷின் கிடையாது. "வேற பிரதி எங்கயும் இல்ல, நஸ்ஸு. அதத் தொடாதே" என்பார்.

நானும் அம்மா நடித்துப் பார்த்ததில்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஸ்பாட்டில் எல்லோரும் நடிப்பைப் பார்ப்பார்கள். நான் மூக்கு நுனியைத்தான் பார்ப்பேன். அங்கேதான் முதலில் வேர்க்கும். கட் சொன்னதும் ஓடிப்போய் ஒற்ற வேண்டும்.

இத்தனை வருஷம் இருட்டில் கிடந்தது போதும். ஆறு டப்பாவையும் துடைத்து, மாதா சுரூபமும் அம்மா போட்டோவும் இருக்கிற பலகைக்கடியில், மெழுகுவர்த்திக்கு நேர் கீழே அடுக்கினேன். அம்மா பக்கத்தில் இருக்கட்டும்.

மார்ச் 19, புதன்

கண்ணில் நீர் நிற்கவே இல்லை. துக்கம் என்றுதான் நினைத்தேன். ஆனால் கடைக்குப் போனால் நிற்கிறது. வீட்டுக்குள் வந்தால் வருகிறது.

அம்மாவின் வெள்ளி ஜெபமாலை கறுத்துவிட்டது. போன வாரம்தான் விபூதி போட்டுத் தேய்த்தேன். பலகை ஓரமாக ஒரு பல்லி செத்துக் கிடந்தது. சின்னது.

மார்ச் 31, திங்கள்

பெருநாள். ராயப்பேட்டைக்குத் தம்பி வீட்டுக்குப் போனேன். தம்பி மெஹபூப் பாஷா பிரியாணிக் கடை வைத்திருக்கிறான். கட்டிப் பிடித்தவன் உடனே விலகினான்.

"இன்னாக்கா, உன் மேல ஒரு மாரி நாத்தம் அடிக்குது? பேட்டரி கடைல வேலைக்குப் போய்க்கினு கீறியா?"

"அந்தம்மா வீட்டுல பழைய சாமான் கீதுடா."

"சாமானா? அந்தம்மாவே இன்னும் அங்க கீதுன்னு நெனக்கிறேன். வந்துடுக்கா. மேல் ரூமு காலிதான்."

சிரித்தான். நான் கையை முகர்ந்து பார்த்தேன்.

ஏப்ரல் 9, புதன்

வெங்கடேஷ் என்று ஒருத்தர் போன் செய்தார். மேற்கு மாம்பலம். அவர் அப்பா தியேட்டரில் ஆபரேட்டர். இவர் பழைய படங்களைத் தேடிக் காப்பாற்றுகிற வேலை செய்கிறாராம். பேப்பரில் அம்மா செய்தி பார்த்திருக்கிறார். "அவங்க முதல் படம் அழிஞ்சு போச்சுன்னு எல்லாரும் எழுதியிருக்காங்க. வீட்டுல ஸ்டில் ஏதாவது இருக்குமா?" என்றார்.

ஸ்டில் இல்லை, படமே இருக்கிறது என்றேன். அந்தப் பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. சனிக்கிழமை வருகிறேன் என்றார்.

ஏப்ரல் 12, சனி

வெங்கடேஷ் சாயங்காலம் வந்தார். வெள்ளைச் சட்டை, மார்பில் பேனா இரண்டு. செருப்பைக் கழற்றக் குனிந்தவர் அப்படியே நின்று மூக்கை உறிஞ்சினார்.

"உள்ள ஏதாவது எரியுதா?"

"மெழுகுவர்த்தி. மாதாவுக்கும் அம்மா போட்டோவுக்கும்."

"டப்பா எங்க?"

"அதுக்குக் கீழதான்."

செருப்போடு உள்ளே ஓடினார். ஊதவில்லை. விரலால் திரியை நசுக்கினார்.

"எத்தனை நாளா இங்க இருக்கு?"

"முப்பத்திரண்டு நாளா."

மாதாவைப் பார்த்தார். சுவரில் நான் மாட்டியிருக்கிற மெக்கா படத்தைப் பார்த்தார். "எந்தச் சாமி காப்பாத்திச்சுன்னு தெரியலம்மா."

"ரெண்டு பேருக்கும் வேலை இருந்திருக்கும்," என்றேன். அவர் சிரிக்கவில்லை.

அப்புறம் விளக்கமாகச் சொன்னார். அந்தக் காலத்துச் சுருள் வெடிமருந்துக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரியாம். வயசானால் தானே அழுகும், அழுகினால் தானே சூடாகும், வெயில் ஏற ஏறத் தீக்குச்சியே வேண்டாமாம். பிடித்துக்கொண்டால் தண்ணீர் ஊற்றியும் அணையாது. அந்தப் புகைதான் என் கண்ணில் நீர், ஜெபமாலையில் கறுப்பு.

கொல்லையில் வேப்ப மர நிழலில் வைத்து ஒவ்வொன்றாகத் திறந்தார். ஒன்று, இரண்டு, ஐந்து - உள்ளே பழுப்புப் பொடி. மூன்றும் ஆறும் வெல்லப்பாகு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தன. நாலாவதைத் திறந்தவர் மூச்சை இழுத்தார். முதல் சுற்றைப் பிரித்து வெளிச்சத்தில் காட்டினார். "பாருங்கம்மா. சாருமதி."

பார்த்தேன். கண்ணில் நீர். ஒன்றுமே தெரியவில்லை.

இதைக் கூரியரிலும் ரயிலிலும் அனுப்ப முடியாது. வடக்கே ஒரு லேப்புக்குத் தனி வண்டியில் போக வேண்டும், அதற்கு அனுமதிக் காகிதம் வேண்டும். "மூணு வாரம், மிஞ்சினா நாலு. அதுவரைக்கும் குளுமையா, இருட்டா வைங்க. வெயில் மட்டும் படக் கூடாது," என்றார். பின்கட்டு ரூமில், தரையில், தள்ளித் தள்ளி வைத்தோம்.

ஏப்ரல் 13, ஞாயிறு

தூக்கம் இல்லை. முப்பத்திரண்டு நாள் அம்மாவுக்கு நானே கொள்ளி வைக்கப் பார்த்திருக்கிறேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஈஸ்டர். டெரிக் தம்பி கேக் கொண்டு வந்தார். மறைக்கக் கூடாது என்று டப்பா விஷயத்தைச் சொன்னேன். சொல்லாமலே இருந்திருக்கலாம்.

"வீட்டுக்குள்ள குண்டு வெச்சிருக்கீங்களா? பக்கத்து வீட்டுல கைக்குழந்தை இருக்கு, தெரியுமில்ல?"

"வெங்கடேஷ் சார் காகிதம் வாங்கிட்டு வந்துடுவார், தம்பி."

"யாரு அந்த ஆளு? நான் ஃபயர் சர்வீஸுக்குச் சொல்றேன். கொண்டுபோய் அழிச்சுடுவாங்க."

காலில் விழாத குறை. கடைசியில் ஒத்துக்கொண்டார், ஆனால் வீட்டுக்குள் கூடாது என்றார். மொட்டை மாடியில் தகர ஷெட் இருக்கிறது, பழைய நாற்காலி போடுகிற இடம். அவரே ஒவ்வொரு டப்பாவாகத் தூக்கிக்கொண்டு போனார்.

"தகரம் சூடேறும், தம்பி."

"திறந்த இடம்கா. காத்து வரும்."

பயந்தவரிடம் என்ன பேசுவது. குழந்தையைச் சொன்ன பிறகு எனக்கும் வாய் வரவில்லை.

மே 3, சனி

காகிதம் வரவில்லை. வெங்கடேஷ் தினமும் ஏதோ ஆபீஸுக்கு நடக்கிறார். நாளைக்கு அக்னி நட்சத்திரம் ஆரம்பம்.

ஈரச் சாக்கு போட்டு மூடுகிறேன். காலை, மதியம், மூன்று மணி. படி ஏறி ஏறி முட்டி போச்சு. மதியம் ஷெட்டுக்குள் கை நீட்டினால் அடுப்புக்குள் நீட்டுகிற மாதிரி இருக்கிறது. சாக்கு அரை மணியில் காய்ந்துவிடுகிறது.

மே 6, செவ்வாய்

செய்துவிட்டேன்.

விடியற்காலையில் ஷெட் குளிர்ந்திருக்கும்போது நாலாம் நம்பரை எடுத்து, ஈரத் துண்டில் சுற்றி, டிபன் கேரியர் கூடையில் வைத்தேன். லஸ் வரைக்கும் நடை. அங்கிருந்து பஸ். ஏழு மணிக்கே கூட்டம். பக்கத்து சீட்டில் ட்யூஷன் போகிற பெண் ஒன்று, ரெட்டை ஜடை, கூடையைப் பார்த்து "பாட்டி, மடில வெச்சுக்கட்டுமா?" என்றது. வேண்டாம் என்று கத்திவிட்டேன். அது முகம் சுருங்கிப் போச்சு. ராயப்பேட்டை வருகிற வரைக்கும் அந்த ஜடையையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஏதாவது ஆகியிருந்தால்? இதை நான் இந்த நோட்டில்தான் எழுத முடியும்.

தம்பி கடையில் கறி வைக்கிற பெரிய ஃப்ரீசர் இருக்கிறது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் கேட்டேன்.

"எரியுமா?"

"சூட்டுல எரியும். குளிர்ல ஒண்ணும் ஆவாது."

ரொம்ப நேரம் தலையைச் சொறிந்தான். "கறிக்கு நடுவுல கதாநாயகியா? சரி, குடு. கரண்டு போனா இன்னாக்கா பண்றது?"

"ஐஸ் வாங்கிப் போடு."

"உனக்குன்னு ஒரு நாளும் நீ இப்டி கெஞ்சல," என்றான். பிளாஸ்டிக் கவர் நாலு சுற்றி அடியில் வைத்தான்.

வெள்ளிக்கிழமை மூன்றாம் நம்பரைக் கொண்டுவர வேண்டும். அடுத்த வாரம் ஆறு.

மே 9, வெள்ளி

நான் எடுப்பதற்கு முன்னால் டெரிக் தம்பி வந்துவிட்டார். வீட்டை இடிக்கிற ஆளுக்கு மாடியைக் காட்ட வந்தவர். எண்ணிப் பார்த்தார்.

"ஆறு இருந்துச்சு. ஒண்ணு எங்க?"

நான் பேசவில்லை. சொன்னால் அதையும் பிடுங்கி அழித்துவிடுவார் என்று பயம். அவர் வேறு மாதிரி நினைத்தார்.

"வித்துட்டீங்களா, நஸ்ஸுக்கா? அத்தை சாமானை?"

இருபத்தாறு வருஷம். ஒரு ஹேர்பின் வெளியே போனதில்லை. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. ஷெட்டுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மே 13, செவ்வாய்

நாலு நாளாகச் சாக்கு நனையவில்லை. கதவு இடுக்கு வழியாகச் சொம்பால் ஊற்றினேன், உள்ளே எட்டவில்லை. கதவில் கை வைக்க முடியவில்லை. அந்த வாசனை இப்போது படி வரைக்கும் இறங்கி வருகிறது.

போன் செய்தால் டெரிக் தம்பி எடுப்பதில்லை. வெங்கடேஷும் அவருக்குப் போன் போட்டுச் சொன்னாராம். "நீங்க வெளியாளு" என்று வைத்துவிட்டாராம்.

காக்கா கூட ஷெட் மேல் உட்காரவில்லை. நான்தான் இப்படியெல்லாம் பார்க்கிறேனோ?

மே 16, வெள்ளி

எழுதக் கை வரல. எழுதிடறேன்.

காலைல பக்கத்து வீட்டு அஸ்மத்துன்னிசாகிட்ட சொல்லிக் குழந்தையத் தூக்கிக்கினு அவங்க அம்மா வீட்டுக்குப் போகச் சொன்னேன். அவ போன்லேர்ந்தே டெரிக் தம்பிக்கு அடிச்சேன். தெரியாத நம்பர்னு எடுத்துட்டார். "வாசனை கீழ வரைக்கும் வருது தம்பி, வந்து தொறந்து வுடுங்க" ன்னேன். என் குரல்ல என்ன இருந்துச்சோ, வரேன்னார்.

நான்தான் கூப்பிட்டேன். நான்தான் தொறக்கச் சொன்னேன்.

ரெண்டு மணி. உச்சி வெயில்ல வந்தார். நான் பின்னாடியே படி ஏறினேன், முட்டி வலி, ஏழு எட்டுப் படி பின்னாடி. பூட்டத் தொறந்தார். கதவ இழுத்தார். சத்தம் கூட இல்ல - பெரிய மூச்சு மாதிரி ஒண்ணு. மஞ்சளா. வேப்ப மரம் வரைக்கும். தம்பி மல்லாக்க விழுந்தார், கை ரெண்டும் மேல தூக்கிக்கினு. சட்டையப் புடிச்சு இழுத்தேன். எப்படி இழுத்தேன்னு தெரியல. அவர் எழுவது கிலோ இருப்பார்.

தண்ணி ஊத்தினாங்க. தண்ணிக்குள்ளயும் எரிஞ்சது. வெங்கடேஷ் சொன்ன மாதிரியே.

சாயங்காலம் மாதாவுக்கு ஏத்தல. இனிமே எப்பவும் ஏத்த மாட்டேன்.

மே 17, சனி

ராயப்பேட்டை பெரிய ஆஸ்பத்திரி. உயிருக்குப் பயமில்லை. இரண்டு கையிலும் கட்டு, புருவம் இல்லை. கண் தப்பித்தது. பெயர் கேட்டால் சொல்கிறார்.

ஆம்ப்ரோஸ் ஐயா வராண்டா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எண்பத்துநாலு வயசு, கசங்கிய வெள்ளை வேட்டி, பட்டனை மாற்றிப் போட்டிருந்தார். அக்கா அடக்கத்துக்குக் கூடக் கல்லறை வாசலிலேயே நின்றுவிட்டுப் போனவர். நான் காலடியில் உட்கார்ந்தேன். எழுந்திரு என்றார், பக்கத்தில் உட்கார வைத்தார்.

"அப்பா அவளைப் பூட்டின வருஷம் எனக்கு எட்டு வயசு. சாவியை எங்கிட்டதான் குடுத்து வெச்சிருந்தார். அவ உள்ளேர்ந்து கூப்பிடுவா. 'அம்பு, ஒரு தடவை திற. படத்தை மட்டும் பாத்துட்டு வந்துடறேன்'னு."

"நீங்க..."

"திறக்கல. நல்ல பையன்னு அப்பா மிட்டாய் வாங்கித் தந்தார்."

மாறிப் போன பட்டனைக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டேன்.

மே 21, புதன்

இன்று சொல்லிவிட்டேன். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, டெரிக் தம்பி முகத்தைப் பார்த்து. நாலாம் நம்பர் எங்கே இருக்கிறது, ஏன் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன், எல்லாம். "அன்னிக்கே சொல்லியிருந்தா நீங்க பூட்டியிருக்க மாட்டீங்க. இது என்னால ஆனது."

கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். விழுங்கிவிட்டுக் கூரையையே பார்த்தார்.

"பிரியாணிக் கடையிலயா?"

"ஆமா."

"ஆட்டுக்கறியா, மாட்டுக்கறியா?"

"ரெண்டும் இருக்கும், தம்பி."

"அத்தைக்கு ரெண்டும் பிடிக்கும்," என்றார். அப்புறம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். துடைக்கக் கை இல்லை. நான் துடைத்தேன்.

ஜூன் 8, ஞாயிறு

வீட்டை விட்டாச்சு. தம்பி வீட்டு மாடி ரூமில் இருக்கிறேன். நேற்று ராயப்பேட்டையில் ஐந்து மணி நேரம் கரண்டு இல்லை. மெஹபூப் மீன் மார்க்கெட்டிலிருந்து ஐஸ் பாளம் மூன்று கொண்டுவந்து போட்டான். கறி மொத்தமும் பக்கத்துக் கடைக்குக் கொடுத்துவிட்டு, அம்மாவுக்கு மட்டும் இடம் வைத்திருந்தான்.

ஜூன் 19, வியாழன்

காகிதம் வந்தது. கையெழுத்து போட வேண்டிய இடத்தில், பேனா பிடிக்க முடியாமல், டெரிக் தம்பி கட்டை விரலை வைத்தார். வண்டி போகும்போது வெங்கடேஷ், "பத்து நிமிஷப் படம்மா இது. முழுசா வருமான்னு தெரியாது," என்றார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

அடையாறில் டெரிக் தம்பி வீட்டு ஹால். ஜன்னல் திரையெல்லாம் மூடியிருந்தது. வெங்கடேஷ் அதே வெள்ளைச் சட்டை, பேனா இரண்டு. மெஹபூப் பெருநாள் சட்டை. ஆம்ப்ரோஸ் ஐயா முன்னால் நாற்காலியில், நான் அவர் பக்கத்தில். டெரிக் தம்பி தரையில் உட்கார்ந்தார். கை தோல் இன்னும் இளஞ்சிவப்பாக இருக்கிறது.

பத்து நிமிஷம் வரவில்லை. ஆறு நிமிஷம் நாற்பது நொடி. சத்தம் நடுவில் போய்விடுகிறது. ஓரமெல்லாம் நுரை மாதிரி பொங்கி வந்து முகத்துக்குப் பக்கத்தில் நின்றுவிடுகிறது. வெங்கடேஷ் மறுபடி போடட்டுமா என்றார். ஐயா தலையாட்டினார். மூன்று தடவை போட்டார். மூன்றாவது தடவை முடிந்ததும் ஐயா, "இவ்ளோ உயரமா இருந்தாளா?" என்று கேட்டார்.

இனி எழுதுகிறேன்.

சீன் தெரியாது. கிணற்றடி. அம்மா - வெள்ளைத் தாவணி, கட்டம் போட்ட பாவாடை, இடது கையில் கண்ணாடி வளையல் மூன்று, வலது கை வெறும் கை. காலில் கொலுசு, ஒன்றுதான். பொட்டு சின்னது. பூ வலது பக்கம், கிட்டத்தில் காட்டும்போது மட்டும் இடது பக்கம். அன்றைக்கு டச்சப்புக்கு யார் கூட இருந்தாளோ, கவனிக்கவில்லை. குடத்தை இறக்கி வைத்துவிட்டு யாரையோ திரும்பிப் பார்க்கிறார், சிரிக்கப் போகிறார், அதற்குள் படம் அறுந்துவிடுகிறது.

மூக்கு நுனியில் வேர்வை. நன்றாகத் தெரிகிறது. யாரும் ஒற்றவில்லை.

என் கை முந்தானையைத் தேடிப் பிடித்து வைத்திருந்தது. விளக்கு போட்ட பிறகுதான் பார்த்தேன்.